இன்ஜின் மாற்றிய லாரியில் மிஸ்ஸிங்: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் குறுக்கிடுகின்றன. இரண்டிலும் லாரிப் போக்குவரத்து இரவு பகலாக ஓய்வதில்லை. புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் டிரெய்லர், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், வாலாஜாபாத் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து எம்-சாண்ட் ஏற்றிவரும் டிப்பர், தண்ணீர் லாரி என்று எல்லாமே டீசலில் ஓடுபவை. இவற்றில் ஒன்றின் இன்ஜின் கைவிட்டால் உரிமையாளர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இன்ஜினை இறக்கி, பிரித்து, முழுதாகப் புதுப்பிக்கலாம். கம்பெனி வழியாகப் புது இன்ஜின் வாங்கலாம். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜினை வாங்கி ஏற்றலாம். தவணை ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றை வண்டிக்காரர்களுக்குக் கடைசி வழிதான் சீக்கிரம் கைகொடுக்கும்.

தொல்லை அதன் பிறகு தொடங்குகிறது. கிரேன் போய்விட்டது, ஆயில் ஊற்றியாயிற்று, ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. ஆனால் ஐடிலில் கேபின் உதறுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை, இழுவை இல்லை. "மிஸ்ஸிங் இருக்கு" என்கிறார் ஓட்டுநர். குற்றம் யாருடையது? விற்றவருடையதா, ஏற்றியவருடையதா, டீசல் பம்பைப் பழுதுபார்த்த கடையுடையதா? இந்தக் கேள்விக்குப் பட்டறைகளில் வழங்கும் பதில்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, எந்த வரிசையில் தேடினால் காசும் நாளும் மிஞ்சும் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிற்சாலையும் பட்டறையும்

டெய்ம்லர் நிறுவனம் 400 ஏக்கரில் அமைத்த லாரித் தொழிற்சாலை 2012 ஏப்ரலில் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. பாரத்பென்ஸ் லாரிகள் அங்கிருந்துதான் வருகின்றன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் டெல்ஃபி–டி.வி.எஸ். நிறுவனம் டீசல் பம்புகளைச் செய்கிறது. மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் உருவான வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில் இன்ஜின்களின் திறனையும் புகையையும் அளக்கிறது. இன்ஜின் பிறக்கும் இடம், பம்ப் பிறக்கும் இடம், இரண்டையும் சோதிக்கும் இடம் மூன்றும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. சாலையோரப் பட்டறையில் இருப்பதோ ஸ்பேனர் பெட்டியும், அனுபவப்பட்ட காதும், சில இடங்களில் ஒரு ஸ்கேனரும்.

ஆனாலும் தொழிற்சாலையிடமிருந்து பட்டறை இரவல் வாங்கக்கூடிய ஒன்று உண்டு: சோதனையின் வரிசை. இன்ஜின் தொழிற்சாலைகளில் முதலில் டீசல் இல்லாமலே மின்மோட்டாரால் இன்ஜினைச் சுழற்றி, காற்றழுத்தமும் சுழற்சியும் ஒழுங்காக உள்ளனவா என்று பார்க்கும் முறை உண்டு. அதில் தேறிய பிறகே எரியவிட்டுச் சோதிப்பது. எளியது முதலில், சிக்கலானது பிறகு, கழற்றுவது கடைசியில். பட்டறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. உதறல் என்றதும், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில்கள் (இன்ஜெக்டர்கள்) கழன்று பம்புக் கடைக்குப் போய்விடுகின்றன.

மிஸ்ஸிங் என்பது என்ன

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 17 மடங்கு நெருக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் எரிவதற்கு நான்கு தேவைகள்: போதிய காற்று, போதிய கம்ப்ரெஷன், சரியாகச் சிதறும் டீசல், சரியான நேரம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. மற்றவை அதையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

ஆறு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று ஐடிலில் ஓடும்போது நொடிக்கு 30 வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒரு சிலிண்டர் செத்திருந்தால் நொடிக்கு 5 வெடிப்புகள் விழுவதில்லை. ஓட்டுநரின் இருக்கைக்கு வந்து சேரும் உதறல் அந்த ஐந்துதான். தாளம் தவறாமல் வரும் உதறல் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைக் காட்டுகிறது. வேளைக்கொரு விதமாக வந்தால் டீசலில் காற்றையோ மின் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து தளர்ந்தால் அது மிஸ்ஸிங்கே அல்ல: டைமிங், அடைத்த ஃபில்டர், மடங்கிப்போன காற்றுக் குழாய், டர்போவின் வாயில் மறந்து வைத்த துணி இவற்றில் ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

மூன்று கட்சிகள்

பட்டறைகளில் கேட்கும் வாதங்கள் பெரும்பாலும் மூன்று கட்சிகளாகப் பிரியும்.

இன்ஜின் மெக்கானிக் சொல்வார்: "ஓடவிட்டுப் பாத்துதாண்ணே இன்ஜின் வாங்கினோம். கம்ப்ரெஷன் ஜம்முனு இருக்கு. நாசில்தான் தகராறு." பம்புக் கடைக்காரர் சொல்வார்: "பெஞ்ச்ல ஏத்திப் பாத்துட்டேன், ஆறும் சமமா அடிக்குது. நீங்க ஹெட்டைப் பாருங்க." மூன்றாமவர் எலக்ட்ரீஷியன்: "ஸ்கேனர்ல மூணாம் சிலிண்டர் கோடு வருது, இன்ஜெக்டர் மாத்திடுங்க."

மூவரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தம் பொருளைத் தனியே எடுத்துச் சோதித்திருக்கிறார். நாசில் டெஸ்டரில் அழகாகச் சிதறிய நாசில், ஹெட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். பெஞ்சில் சமமாக அடித்த பம்ப், இன்ஜினில் மாட்டும்போது டைமிங் தவறியிருக்கலாம். பழைய வண்டியில் நன்றாக ஓடிய இன்ஜின், இப்போது ஏறிய வண்டியின் டேங்கில் கிடந்த தண்ணீரைக் குடித்துத் திணறலாம். ஸ்கேனர் சொல்லும் பிழைக் கோடு எந்தச் சிலிண்டர் என்று காட்டுமே தவிர ஏன் என்று சொல்லாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இங்கே சரியாகப் பொருந்தும். இன்ஜின் மாற்றிய உடனே வரும் மிஸ்ஸிங்கில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை, மாற்றும்போது கை பட்ட இணைப்புகள். எந்த டெஸ்ட் பெஞ்சிலும் இணைப்பு ஏறுவதில்லை.

கை பட்ட இடங்கள்

முதல் குற்றவாளி காற்று. இன்ஜினை இறக்கும்போது டீசல் குழாய்கள் எல்லாம் திறக்கின்றன. திரும்ப மாட்டும்போது பழைய செம்பு வாஷரையே போட்டு இறுக்குவது வழக்கமாகிவிட்டது. ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை குழாயில் இருப்பது உறிஞ்சும் இழுவை. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிக் குழாயை இடையில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும். சில்லறைக் காசில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமலே பம்ப் கழன்ற வண்டிகள் ஏராளம்.

அடுத்தது நாசில் வாஷர். நாசிலின் அடியில், ஹெட்டின் குழிக்குள், ஒரு செம்பு வாஷர் உட்காரும். நாசிலைப் பிடுங்கும்போது அது சில வேளை குழியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கரி படிந்து கறுத்திருப்பதால் ஹெட்டின் பாகம் போலவே தெரியும். அதைக் கவனிக்காமல் புது வாஷரோடு நாசிலை இறக்கினால் குழிக்குள் இரண்டு வாஷர் ஆகிவிடும். நாசிலின் முனை ஒரு வாஷர் கனத்துக்கு மேலே ஏறி நிற்கும். டீசல் பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாது. கம்ப்ரெஷனும் அந்தச் சந்தில் 'சக்... சக்' என்று கசியும். சில நாளில் நாசிலைச் சுற்றி ஈரக் கரி திரளும். டார்ச் அடித்துக் குழியைப் பார்ப்பதும், வெளியே வந்த வாஷர்களை எண்ணுவதும் ஒரு நிமிட வேலை. ஆறு நாசில் கழன்றால் ஆறு பழைய வாஷர் மேசைமேல் இருக்க வேண்டும்.

மூன்றாவது டேப்பெட். கழற்றிய இன்ஜினை ஏற்றும் முன் ஹெட் இறங்கி ஏறியிருந்தால் டேப்பெட் இடைவெளியைப் புதிதாக வைத்திருப்பார்கள். இறுக்கமாக வைத்துவிட்டால் குளிரில் தெரியாது. சூடேறி வால்வு நீளும்போது அது முழுதாக மூடாமல் நின்று கம்ப்ரெஷன் ஓடிவிடும். காலையில் நன்றாக ஓடி, லோடு ஏற்றிச் சில கிலோமீட்டர் போனதும் மிஸ் ஆகும் வண்டியில் இதைச் சோதிக்காமல் மேலே போகக் கூடாது. சூட்டில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு வேறு காரணங்களும் உண்டு: தேய்ந்த பம்ப் எலிமென்ட் சூடான மெல்லிய டீசலைப் பிடித்து நிறுத்தாது; மின்னணு இன்ஜெக்டரின் காயில் சூட்டில் விட்டுப்போகும். குளிரில் மட்டும் மிஸ் ஆகி ஓட ஓடச் சரியாவது வேறு கதை. நெடுநாள் கிடந்த இன்ஜினில் ரிங் ஒட்டியிருக்கும், வால்வு சீட்டில் துரு இருக்கும். இது சில நாள் ஓட்டத்தில் தானே தெளிவதும் உண்டு.

வெடிப்பு வரிசை

எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பம்பிலிருந்து டீசல் போகும் இன்லைன் பம்ப் வண்டிகளில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய இந்தப் பம்ப், பெங்களூரில் 1951-இல் தொடங்கிய அதன் இந்திய நிறுவனமான மைக்கோ வழியாக நம் லாரிகளுக்கு வந்தது. 2017-இல் பி.எஸ்.4 புகை விதி நாடெங்கும் வந்தபோதுகூட அசோக் லேலண்ட், புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் தன் ஐ.ஈ.ஜி.ஆர். முறையோடு இன்லைன் பம்பைத் தக்கவைத்துக்கொண்டது. சாலையில் இன்னும் அவை நிறைய ஓடுகின்றன.

அசோக் லேலண்டின் எச் வரிசை இன்ஜின் ஜப்பானின் ஹினோ வழி வந்தது. அதன் ஆறு சிலிண்டர் வெடிப்பு வரிசை 1-4-2-6-3-5. டாடா 697, கம்மின்ஸ் பி வரிசை ஆகியவற்றில் அது 1-5-3-6-2-4. ஒன்றைப் பின்னாலிருந்து படித்தால் மற்றது. பம்புக்குள் இருக்கும் கேம்ஷாஃப்ட்டும் இந்த வரிசைக்கு ஏற்பவே வெட்டப்பட்டிருக்கும். கேம் தேய்ந்து, பழுதுபார்க்கும்போது வேறு வரிசைக் கேம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பைப்புகளை 1-க்கு 1, 2-க்கு 2 என்று நேராக மாட்டினால் 1-ஆம் 6-ஆம் சிலிண்டர்கள் மட்டுமே நேரத்துக்கு டீசல் பெறும். மற்ற நான்கும் வேறெங்கோ பிஸ்டன் நிற்கையில் டீசலை வாங்கிப் புகையாக்கும். பெஞ்சில் இந்தப் பம்ப் ஆறையும் சமமாகவே அடிக்கும். அளவை மட்டும் பார்த்து, எந்த வரிசையில் அடிக்கிறது என்று இன்ஜினோடு ஒப்பிடாவிட்டால் தவறு பிடிபடாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பம்ப் ஏறும் நேரம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் முதல் பிஸ்டன் உச்சிக்கு இருமுறை வரும்: ஒருமுறை கம்ப்ரெஷனில், ஒருமுறை புகை வெளியேறும் முடிவில். ஃப்ளைவீல் குறியை மட்டும் நம்பி இரண்டாவதில் பம்பை ஏற்றினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, வெள்ளைப் புகைதான் வரும். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் தளர்வாக இருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. பம்ப் டீசல் அடிக்கத் தொடங்கும் நேரம் (ஸ்பில் டைமிங்) சற்றே பிந்தினால் வெள்ளைப் புகையும் இழுவைக் குறைவும், முந்தினால் சுத்தியல் அடி போன்ற சத்தமும் வரும். அவை எல்லாச் சிலிண்டருக்கும் பொது. ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் டைமிங்கைத் தொடாதீர்கள்.

மின்னணு வந்த பிறகு

பாரத்பென்ஸ் கனரக வண்டிகளுக்கு அடிப்படையான ஓ.எம்.906, 926 குடும்ப இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி யூனிட் பம்ப். இன்ஜினின் கேம் அதைத் தள்ளும், எவ்வளவு டீசல், எப்போது என்பதைக் கன்ட்ரோல் யூனிட் முடிவு செய்யும். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஓர் உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில், 1995-இல் டென்சோ ஹினோ லாரியில் அறிமுகப்படுத்தியது; 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமான பிறகு இந்திய லாரிகளில் பரவலாகிவிட்டது. இவற்றில் இன்ஜின் மாற்றுவது பாதி மின்வேலை.

காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். உற்பத்தியில் அந்த இன்ஜெக்டருக்கு வந்த நுண்ணிய வேறுபாட்டை அது சொல்லும். அதைக் கன்ட்ரோல் யூனிட்டில் ஏற்றினால்தான் அளவு சமமாகும். மாற்றி ஏற்றிய இன்ஜின், வண்டியின் பழைய கன்ட்ரோல் யூனிட் என்றால் பழைய இன்ஜெக்டர்களின் குறியீடுதான் உள்ளே இருக்கும். இன்ஜின் ஓடும், ஆனால் ஐடிலில் உதறும். இன்ஜெக்டரை மாற்றினாலும் தீராது. ஃப்ளைவீலை மாற்றி மாட்டியிருந்தால் கிராங்க் சென்சர் படிக்கும் பல்லோ துளையோ வேறாக இருக்கலாம். இரண்டு இன்ஜெக்டரின் பிளக் இடம் மாறியிருக்கலாம். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான எர்த் பட்டையை மாட்ட மறந்திருந்தால் 24 வோல்ட் அமைப்பில் பிழைக் கோடுகள் கண்டபடி வரும். கழற்றும் முன் போனில் நாலு படம் எடுத்துவைத்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நடந்தே இருக்காது.

ஒரு எச்சரிக்கை. இன்லைன் பம்ப் வண்டியில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுவே செத்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். கை போகும் காயம் அது. அந்த வண்டிகளுக்கு ஸ்கேனரிலேயே சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் வசதி உண்டு.

தேடும் வரிசை

மேலே கண்டவற்றிலிருந்து ஒரு வரிசை தானே கிடைக்கிறது.

முதலில் விசாரணை. இன்ஜினோடு வந்தவை எவை, வண்டியில் இருந்த பழையவை எவை? பம்ப், நாசில், ஃப்ளைவீல், வயரிங் ஹார்னஸ், கன்ட்ரோல் யூனிட் ஐந்துக்கும் தனித்தனியே பதில் வேண்டும். மிஸ்ஸிங் குளிரிலா, சூட்டிலா, ஐடிலிலா, லோடிலா? பிறகு கண்ணால் பார்த்தல்: எர்த், பிளக், காற்றுக் குழாய், பைப் வரிசை. மூன்றாவதாக டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்து, கண்ணாடிக் குழாயில் குமிழி பார்ப்பது.

நான்காவதாகத்தான் எந்தச் சிலிண்டர் என்று தேட வேண்டும். அதற்குப் பட்டறையின் பழைய முறையே போதும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சூடேறத் தொடங்கியதும் அதன் ஒவ்வொரு வாயிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். ஐந்தில் 'சுர்' என்று ஆவியாகும், ஆறாவதில் தண்ணீர் வழிந்து ஓடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் அதையே எண்ணில் படிக்கிறார்கள்.

ஐந்தாவது, இடம் மாற்றிப் பார்த்தல். செத்த சிலிண்டரின் நாசிலை நல்ல சிலிண்டருக்கும் நல்லதை இதற்கும் மாற்றுங்கள். மிஸ்ஸிங் நாசிலோடு போனால் நாசில் குற்றவாளி. இருந்த இடத்திலேயே நின்றால் பம்ப் எலிமென்ட்டோ, வால்வோ, கம்ப்ரெஷனோ. மின்னணு வண்டியில் குறியீட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆறாவதாக டேப்பெட்டும் கம்ப்ரெஷன் கேஜும். சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே இங்கே முக்கியம். ஆறும் சற்றுக் குறைந்திருந்தால் இன்ஜின் வயதானது. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அங்கே கோளாறு. இத்தனைக்கும் பிறகுதான் பம்ப் கழல வேண்டும், ஹெட் இறங்க வேண்டும்.

இடையில் ஒரு பொய் மிஸ்ஸிங்கையும் விலக்கிவிடுங்கள். இன்ஜின் மவுன்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும், பொருந்தாத கிளட்ச் தட்டோ ஃப்ளைவீலோ ஏறியிருந்தாலும் வண்டி உதறும். அப்போது மேனிஃபோல்டின் ஆறு வாயும் ஒரே சூட்டில் இருக்கும். இன்ஜினைத் திறக்க வேண்டியதில்லை.

காகிதமும் ஒரு பாகம்

மிஸ்ஸிங் தீர்ந்தாலும் வேலை முடிவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. ஆகவே அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மட்டும் ஏற்றி, புது இன்ஜின் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுசெய்துகொள்வதே முறை. ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு அது டி.என். 87 அலுவலகம். எண் மாறாத பதிவுப் புத்தகத்தோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கையை விரிக்க வாய்ப்புண்டு. பி.எஸ்.6 வண்டியை மிஸ்ஸிங்கோடு ஓட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. எரியாத டீசல் சைலன்சர் பக்கத்து வடிகட்டிகளில் போய் எரிந்து அவற்றைக் கெடுக்கும். அந்தச் செலவு இன்ஜெக்டர் செலவை விடப் பெரிது.

தீர்ப்பு

மூன்று கட்சிகளையும் எடைபோட்டால் கிடைப்பது இது. இன்ஜின் மாற்றியதும் வரும் மிஸ்ஸிங்குக்கு ஏற்றிய இன்ஜின் மீது முதல் பழி போடுவதற்கு ஆதாரம் குறைவு. மாற்றிய கைகள் தொட்ட வாஷர், பைப், பிளக், டைமிங் குறி, எர்த் ஆகியவற்றைத் தாண்டிய பிறகே இன்ஜினுக்குள் போக வேண்டும். பட்டறைக்காரர்கள் எது கழன்றது, எது ஏறியது என்று ஒரு காகிதத்தில் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கத்தைத் தொடங்கலாம். சண்டையும் குறையும், தேடலும் சுருங்கும். வண்டி உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எந்தச் சிலிண்டர் என்று காட்டாதவரிடம் பம்பையோ ஹெட்டையோ கழற்றச் சம்மதிக்காதீர்கள்.